நம் ஊர்ப் பனிமலை

மாமல்லபுரத்திலே, தொண்ணூறு அடி நீளமுள்ள ஒரு பாறைமுகத்தில், பல்லவச் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டில் தேவரையும் முனிவரையும் யானைகளையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை அர்ச்சுனன் தபசு என்பாரும் உண்டு. பகீரதன் தபசு என்பாரும் உண்டு. பாறை நடுவே ஒரு பிளவு, அதிலே நாகர்கள். உச்சியில் நீரைத் தேக்கிப் பிளவின் வழியே வழியவிட்டதற்கு அடையாளம் இருக்கிறது. பகீரதன் கதை என்று கொண்டால், பனியே காணாத நாட்டிலே கங்கையை இறக்கிக் காட்டிய அற்புதம் அது!

கங்கைக்கு ஒரு பாக்கியம் உண்டு. குளிர்காலத்துப் பனி இமயத்திலே உறைந்து கிடக்கிறது; சித்திரை, வைகாசி வெயிலிலே சிறிது சிறிதாக உருகி இறங்குகிறது. தாகம் மிகுந்த காலத்தில் நீர் கொடுக்கும் களஞ்சியம் அந்த மலை.

நந்தி மலைப் பக்கம் பிறந்து வயலூர் அருகே கடலில் சேரும் நம் பாலாற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மழை நின்றால் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலே கொட்டித் தீர்வதைக் கோடை வரையில் காப்பது எப்படி?

இதற்கு முன்னோர் கண்ட விடைதான் ஏரி. வரத்துக்கால் நீரைக் கொணரும், கரை தேக்கும், மதகு வேண்டியபோது விடும், மிகுந்த நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். பனிமலை செய்யும் வேலையை மண் கரை செய்தது. மதுராந்தகத்திலே பெருமாளுக்கே 'ஏரி காத்த ராமர்' என்று திருநாமம்!

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்கள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தார்கள். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமில்லை. சுயராஜ்யம் என்பது இதுவல்லவா?

உலகம் சூடேறுவதால் இமயத்துப் பனி இன்று குறைந்து வருகிறது. கங்கோத்திரிப் பனியாறு பின்வாங்குகிறது. அதைத் தடுக்க உலகமே கூட வேண்டும். ஆனால், நம் ஏரிகளின் வரத்துக்காலை அடைத்து மனை போடுவதும், தூர் வாராமல் விடுவதும் நம் கையால் நடப்பவை. 2015-ஆம் ஆண்டு மழையில் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம், இடமிழந்த நீர் எங்கே போகும் என்பதைக் காட்டிற்று.

இமயத்தை ஆண்டவன் படைத்தான். ஏரியை மனிதன் வெட்டினான். காக்க வேண்டியவனும் அவனே.