மடிக்கணினி பேட்டரி: திரை சொல்வதும் சொல்லாததும்

"வயரை மாட்டி மூணு மணி நேரம் ஆச்சு. எண்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. பேட்டரி போயிடுச்சு போலிருக்கு!"

மடிக்கணினி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. திரையிலும் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடைக்கு ஓடிச் சில ஆயிரங்களைக் கொடுத்துப் புது பேட்டரி வாங்கிவிடுகிறோம். பல சமயம் அது தண்டச் செலவு. காரணத்தைப் பார்ப்போம்.

பேட்டரிக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதை ஒரு கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் மின்சாரத்தை வரவிலும், வெளியே போவதைச் செலவிலும் எழுதி, மீதியைச் சொல்வது அதன் வேலை. திரையில் தெரியும் சதவீதம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்; தொட்டிக்குள் கோல் விட்டு அளந்தது அல்ல. கணக்கில் சிறு சிறு பிழைகள் சேரச் சேர, 20 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்த கணினி திடீரென்று அணைந்துபோவதும் உண்டு.

இந்தக் கணக்கை விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்குச் சொல்ல ஒரு பொது விதிமுறை உள்ளது. ஏ.சி.பி.ஐ. என்பது அதன் பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996-இல் அதை வெளியிட்டன. இயங்குதளம் கேட்கும்போது பேட்டரி நான்கு விவரங்களைத் தரும்: நிலை, ஏறும் அல்லது இறங்கும் வேகம், மீதி, மின்னழுத்தம். இவற்றில் 'நிலை'க்கு அன்று மூன்றே அடையாளங்கள் இருந்தன: இறங்குகிறது, ஏறுகிறது, ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால்? அங்கேதான் மென்பொருள் தானே யோசித்து ஒரு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் இதற்கு ஐந்து பெயர்கள் வைத்திருக்கிறது: ஏறுகிறது, இறங்குகிறது, நிறைந்தது, ஏறவில்லை, தெரியவில்லை. மீதி முழுக் கொள்ளளவை எட்டியிருந்தால் 'நிறைந்தது'. எட்டாமல் சும்மா நின்றால் 'ஏறவில்லை'. ஆக, 'ஏறவில்லை' என்பது ஒரு நிலையின் பெயர்தானே தவிர, பழுதின் பெயர் அல்ல.

பின் ஏன் ஏறுவதில்லை? லித்தியம் அயான் பேட்டரி எப்போதும் முழுதாக நிறைந்து, சூட்டிலும் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். அதனால் பல நிறுவனங்கள் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதியை வைத்திருக்கின்றன. அது இயங்கும்போதும் இதே வாசகம் வரலாம். சார்ஜரின் வாட் அளவு போதாவிட்டாலும், பேட்டரி அதிகம் சூடானாலும் வரலாம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. '100 சதவீதம்' என்பது இன்றைய கொள்ளளவில் நூறு. வாங்கிய நாளின் கொள்ளளவில் அல்ல. படி தேய்ந்து அரைப்படி ஆனாலும், அது நிறைந்தால் நூறுதானே! உண்மை தெரிய இரண்டு எண்களைப் பாருங்கள்: 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி'. விண்டோஸ் 8 முதல் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. உதாரணமாக, முதல் எண் 50,000, இரண்டாவது 35,000 என்றால், புதிதில் இருந்ததில் 70 சதவீதம்தான் மிச்சம்.

எனவே கடைக்குக் கிளம்பும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். 80 சதவீத வரம்பு போடப்பட்டிருக்கிறதா, சார்ஜர் அந்தக் கணினிக்கு உரியதுதானா, அந்த இரு எண்களுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஆனால் பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். உடனே அணைத்து, வயரைக் கழற்றி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பலைக் காட்டித்தரும் எண் எதுவும் திரையில் வராது. அதை நம் கண்தான் பார்க்க வேண்டும்.