பாதி வந்த பொதியும் முழுமையான நேர்மையும்



 

சில மாதங்களுக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றுகொண்டிருந்த வேளையில் ஓர் இளைஞர் என்னை அணுகி, "மௌலவி, ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். தனது வாப்பாவின் அனுமதியுடன், அவருடைய வங்கி அட்டையைப் பயன்படுத்தி, இணையத்தளக் கடையொன்றில் ஐந்து பொருட்களை அவர் வாங்கியிருந்தார். மொத்தம் 18,400 ரூபா. வீட்டுக்கு வந்த பொதியைத் திறந்து பார்த்தபோது மூன்று பொருட்களே உள்ளே இருந்தன. தங்கைக்காக வாங்கிய பாடசாலைச் சப்பாத்தும் ஓர் அகராதியும் இல்லை. சப்பாத்து 4,200 ரூபா, அகராதி 2,650 ரூபா. ஆக, 6,850 ரூபாவுக்குப் பொருள் வந்து சேரவில்லை. கடைக்காரர் முதலில் "அனுப்பி வைக்கிறோம்" என்றார். அதன் பின்னர் அவரிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை.

இதனைக் கேள்வியுற்ற நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை கூறியிருக்கின்றனர். "ஒன்றுமே வரவில்லை என்று வங்கிக்கு எழுது, முழுப் பணமும் கிடைத்துவிடும்" என்றார் ஒருவர். "அந்தக் கொடுக்கல் வாங்கலை நாங்கள் செய்யவே இல்லை, யாரோ அட்டையைத் திருடிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்" என்றார் மற்றொருவர். "ஏமாற்றியவரை ஏமாற்றுவது கூடுமா மௌலவி?" என்பதே அந்த இளைஞரின் கேள்வி.

அவருக்கு நான் அளித்த விளக்கத்தை உங்கள் அனைவருக்கும் பயன்படும் வகையில் இங்கு சற்று விரிவாகத் தருகின்றேன்.

உரிமையைக் கேட்பது குற்றமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுக்காதிருப்பது அநீதியாகும். திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரின் பெயரையே தாங்கி, அவர்களைக் கண்டித்தே தொடங்குகின்றது. ஐந்து பொருட்களுக்குப் பணம் எடுத்து மூன்றை மாத்திரம் அனுப்புவதும் அளவில் குறைத்தலே. எனவே, "போனால் போகட்டும்" என்று நமது ஹக்கைக் கைவிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. விரும்பி மன்னிப்பது வேறு. வழி தெரியாமல் இழப்பது வேறு.

வழி எது?

நாம் அட்டை மூலம் பணம் செலுத்தும்போது நான்கு தரப்பினர் அதில் சம்பந்தப்படுகின்றனர். அட்டை உரிமையாளர், அவருக்கு அட்டை வழங்கிய வங்கி, விற்பனையாளர், விற்பனையாளருக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வங்கி என்போரே அவர்கள். விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்புகள் இவ்விரு வங்கிகளையும் இணைக்கின்றன. பணம் செலுத்திய பொருள் வந்து சேராவிட்டால், அட்டை வழங்கிய வங்கியூடாக அப்பணத்தைத் திருப்பிக் கோருவதற்கு இவ்வலையமைப்புகளின் விதிகளில் இடமுண்டு. இதனைச் 'சார்ஜ்பேக்' என அழைப்பர். கடனட்டைக்கு மாத்திரமன்றி டெபிட் அட்டைக்கும் இவ்வழி உண்டு. ஆனால் பொருளைப் பெறும்போது கையில் காசு கொடுத்திருந்தாலோ, விற்பனையாளரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தாலோ இவ்வழி கிடையாது. அறிமுகமற்ற கடையில் வாங்கும்போது இதனை நினைவில் வைத்திருப்பது நன்று.

வங்கியிடம் முறையிட்டவுடன் பணம் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. நமது வங்கி கோரிக்கையை மறு தரப்பு வங்கிக்கு அனுப்புகின்றது. விற்பனையாளர் அதனை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது பொருளை அனுப்பியதற்கான ஆதாரத்தைச் சமர்ப்பித்து மறுக்கலாம். இரு வங்கிகளும் உடன்படாவிட்டால் வலையமைப்பே இறுதித் தீர்ப்பை வழங்கும். இடையில் நமது கணக்கில் பணம் இடப்பட்டாலும் அது தற்காலிகமானதாக இருக்கக்கூடும். தீர்ப்பு விற்பனையாளருக்குச் சார்பாக அமைந்தால் அப்பணம் மீண்டும் எடுக்கப்படும்.

செய்ய வேண்டியவை

1. பொதியை அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். பெட்டி, அதில் ஒட்டப்பட்டுள்ள முகவரித் தாள், நிறை குறிக்கப்பட்டிருந்தால் அவ்விடம், உள்ளே இருந்த பொருட்கள், பட்டியல் என்பவற்றைப் படம் பிடித்து வையுங்கள். கூரியர் நிறுவனத்தின் பதிவில் "ஒப்படைக்கப்பட்டது" என்றே இருக்கும். பொதி வந்தது உண்மை. அதனுள் இரண்டு பொருட்கள் இல்லை என்பதையே நாம் நிறுவ வேண்டியுள்ளது. உரிமை கோருபவரே ஆதாரம் தர வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. வங்கியும் அதனையே எதிர்பார்க்கின்றது.

2. மீதிப் பொருட்கள் வேறொரு பொதியில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒரே கொள்வனவைப் பல பொதிகளாகப் பிரித்து அனுப்புவது வழமை. குறித்த நாள் வரும் முன்னரே ஒருவரை மோசடிக்காரர் என்று கூறுவது தப்பபிப்பிராயமாகும்.

3. விற்பனையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். எந்தப் பொருள் வரவில்லை, அதன் விலை என்ன, எத்தனை நாட்களுக்குள் தீர்வு வேண்டும் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். தொலைபேசியில் பேசினாலும் அதன் சாரத்தை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பி வையுங்கள். விற்பனையாளருடன் தீர்த்துக்கொள்ள முயன்றோம் என்பதை வங்கி பெரும்பாலும் கேட்கும். எல்லாம் கிடைத்துவிட்டதாக உறுதிப்படுத்தும் பொத்தானை மாத்திரம் அழுத்திவிடாதீர்கள்.

4. தீர்வு கிடைக்காவிட்டால் வங்கிக்கு எழுதுங்கள். பொதுவாக, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாட்களுக்குள் கோரிக்கை விசா, மாஸ்டர்காட் வலையமைப்புகளைச் சென்றடைய வேண்டும். ஆயினும் வங்கிகள் தமது ஆவண வேலைகளுக்காக இதைவிட முன்னரே அறிவிக்குமாறு கேட்பதுண்டு. எனவே தாமதியாதீர்கள். விநியோகத் திகதி குறிப்பிடப்படாதிருந்தால், பணம் செலுத்திய நாளிலிருந்து 15 நாட்களாவது காத்திருக்க வேண்டும் என்பது விசாவின் விதி.

5. கடனட்டையாயின், சர்ச்சைக்குரிய தொகை தவிர்ந்த மீதியை உரிய திகதியில் செலுத்திவிடுங்கள். சர்ச்சைக்குரிய தொகையை என்ன செய்வது என்பதையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 6,850 ரூபாவைக் காக்கப் போய் வட்டியில் விழுந்துவிடக் கூடாது.

வங்கி உரிய முறையில் கவனிக்காவிட்டால், முதலில் அவ்வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதலாம். அதன் பின்னரும் தீர்வில்லையெனின், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் நாடலாம். விற்பனையாளர் இலங்கையில் இருப்பவராயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதன் இலக்கம் 1977. அம்முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். "மின்னஞ்சலெல்லாம் ஆதாரமாகுமா?" என்று சிலர் கேட்பர். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியுள்ளது.

எவ்வளவு கேட்பது?

அன்பார்ந்தவர்களே! இவ்விடத்தில்தான் நமது ஈமான் சோதிக்கப்படுகின்றது. வலையமைப்பின் விதிப்படியே, வந்து சேராத பகுதியின் பெறுமதியை மாத்திரமே கோர முடியும். ஷரீஅத்தும் அதனையே கூறுகின்றது. அந்த இளைஞருடைய ஹக்கு 6,850 ரூபா. மீதி 11,550 ரூபாவுக்கான பொருட்கள் அவருடைய வீட்டில் பயன்பாட்டில் இருக்கின்றன. "ஒன்றுமே வரவில்லை" என்று எழுதினால் அந்த 11,550 ரூபா பிறருடைய சொத்து. அதனைப் பெறுவது ஹராம். விற்பனையாளர் தவறு செய்தார் என்பதற்காக அவருடைய ஏனைய பணம் நமக்கு ஹலாலாகிவிடாது.

"நாங்கள் செய்யவே இல்லை" என்ற இரண்டாவது யோசனை அதனிலும் மோசமானது. அது பொய், அட்டை திருடப்பட்டதாக வங்கி நம்பினால் அவ்வட்டையையே இரத்துச் செய்துவிடும். கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பதிந்து பணம் செலுத்தியிருந்தால், வங்கி அதனையே எடுத்துக்காட்டிக் கேட்கும். பொய் வெளிப்படும்போது தலைகுனிவது மகன் மாத்திரமல்லன், அட்டைக்குரிய வாப்பாவும்தான். உண்மையான கோரிக்கையும் அத்துடன் பாழாகிவிடும்.

ஒருவேளை பொய் வெற்றி பெற்றுவிட்டால்? வாதத்திறமையால் பிறருடைய உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றுக்கொள்பவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நபியவர்களின் தீர்ப்பே ஒருவருக்கு ஹராமை ஹலாலாக்காது என்றால், வங்கி அதிகாரியின் தீர்ப்பு எம்மாத்திரம்?

இன்று நமது சகோதரிகள் பலர் வீட்டிலிருந்தவாறே ஆடைகளும் இனிப்புகளும் இணையவழியில் விற்று வாழ்கின்றனர். சார்ஜ்பேக் ஒன்று வந்தால் பணத்துடன் சேர்த்து வங்கிக் கட்டணமும் அவர்கள் மீது விழக்கூடும். ஒரு பொய்க் கோரிக்கை ஓர் அடுப்பை அணைத்துவிடலாம்.

பெற்றோர்களே! உங்கள் அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, என்ன வாங்கப்படுகின்றது என்பதை அறிந்திருங்கள். மாதாந்தக் கணக்குக்கூற்றைப் பிள்ளையுடன் அமர்ந்து வாசியுங்கள். முறைப்பாட்டுக் கடிதத்தைப் பிள்ளையைக் கொண்டே எழுதுவித்து நீங்கள் சரிபாருங்கள்.

அந்த இளைஞர் தனது வாப்பாவுடன் அமர்ந்து, வந்த மூன்று பொருட்களையும் வராத இரண்டையும் வரிசையாகக் குறிப்பிட்டு, 6,850 ரூபாவை மாத்திரம் கோரி வங்கிக்கு எழுதினார். சில வாரங்களில் பணம் திரும்பி வந்தது. அதன் பின்னர் ஒரு நாள் அகராதி மாத்திரம் தபாலில் வந்து சேர்ந்தது. அவர் மீண்டும் என்னிடம் வந்தார். இம்முறை கேள்வி கேட்பதற்காக அல்ல. 2,650 ரூபாவைக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பிய பற்றுச்சீட்டைக் காட்டுவதற்காகவே வந்தார்.

நமது உரிமையைத் தெளிவாகக் கேட்கவும், பிறருடைய உரிமையைத் தயங்காமல் திருப்பிக் கொடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.