அரசுப் பள்ளிகளில் மின்வழிக் கற்றல்: மூவர் நோக்கு

மின்வழிக் கற்றல் தமிழக அரசுப் பள்ளிகளுக்குப் பெருந்தொற்றுக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, துணைக்கருவிகளாயிருந்த இவையே முதன்மை வழிகளாயின. அவற்றின் பயனை மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகிய மூவரும் வெவ்வேறாக நோக்குவதற்கு, அவரவர் நிற்கும் இடமே காரணமாகும்.

இராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணம் இதனை விளக்கத் தக்க ஊர். இந்த இருப்புப்பாதைச் சந்திப்பிலிருந்து பலர் நாள்தோறும் சென்னைக்கு வேலைக்குச் செல்கின்றனர். வீட்டிலுள்ள ஒரே திறன்பேசி பெற்றோருடன் காலையிலேயே புறப்பட்டுவிடின், பிள்ளைக்குப் பாடம் இரவில்தான் தொடங்கும்.

காணொலியை நிறுத்தி மீண்டும் பார்க்க இயல்வது மாணவர்க்கு நன்மை; ஆனால் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க இயலாது. மாணவர் முகம் காணாத ஆசிரியரால், பின்தங்குவோர் யாவர் என அறிதல் அரிது. பெற்றோர்க்கோ இணையக் கட்டணம் ஒரு சுமை. பிள்ளை படிக்கிறதா, விளையாடுகிறதா என்பது மற்றொரு கவலை.

கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்க்கு அருகிலேயே தன்னார்வலரை அமர்த்தியது. கருவி பாடத்தைக் கொண்டுசேர்க்கும். ஐயம் தீர்க்க ஓர் ஆள் அருகிருந்தாலன்றி அது கல்வியாகாது என்பதே இதனால் பெறப்படும் முடிவாகும்.