குதிரைக்கு வரும் திங்கட்கிழமை நோய்

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். எண்பது, நூறு குதிரைத்திறன் கொண்ட கார்கள் வரிசையாகப் பாய்ந்து செல்லும். ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று ஜேம்ஸ் வாட் வகுத்தார். உங்கள் பாடப்புத்தகக் கணக்கில் அது 746 வாட். காரை அளக்கக் குதிரையின் பெயரைக் கடன் வாங்கினோம். ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றிக் காரை ஒரு நாள் நிறுத்தி வைத்தால் இயந்திரத்துக்குக் கேடு எதுவும் இல்லை. குதிரைக்கு வயிறு நிறையத் தானியம் கொடுத்து ஒரு நாள் லாயத்தில் கட்டிப்போட்டால், மறுநாள் அது நடக்க முடியாமல் நின்றுவிடக் கூடும்.

ஐரோப்பாவில் பாரவண்டிகளையும் ஏர்களையும் குதிரைகள் இழுத்த காலத்தில் இது அடிக்கடி நடந்தது. ஆறு நாள் கடும் உழைப்பு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வு நாளிலும் ஓட்ஸ் தானியத்தை வழக்கமான அளவிலேயே கொடுப்பார்கள். திங்கட்கிழமை காலை வண்டியில் பூட்டிய சில நிமிடங்களில் குதிரைக்கு வியர்த்துக் கொட்டும். நடை விறைக்கும். பின்தொடைத் தசைகள் கல்லைப் போல இறுகிவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் வெளியேறும். இதனால்தான் 'திங்கட்கிழமை நோய்' என்ற பெயர் வந்தது. விவரம் அறியாத வண்டிக்காரர், குதிரை சண்டித்தனம் செய்கிறது என்று எண்ணிச் சாட்டையை ஓங்குவார். அடித்து நடக்க வைத்தாலோ மேலும் தசை அழியும். அழிந்த தசையிலிருந்து மையோகுளோபின் என்னும் சிவந்த புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரின் காப்பி நிறத்துக்கும் அதுவே காரணம். நோய் முற்றிய குதிரை இறந்துவிடுவதும் உண்டு.

இது குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டுபோயின என்கிறார் மார்க்கோ போலோ. இங்கே குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்பது அவர் தரும் செய்தி. வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் சுவையானது. வறுத்த பார்லியும் வெண்ணெய் கலந்த தானியமும் கொடுத்து, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் கட்டி வைப்பார்களாம். பிறகு பயிற்சி ஏதும் இன்றித் திடீரென்று ஏறி விரட்டுவார்களாம். வெப்பமும் குளம்புப் பராமரிப்பு இல்லாமையும் பல குதிரைகளைக் கொன்றிருக்கும் என்பது உண்மையே. ஆனால் அளவற்ற தானியம், அசையாத ஓய்வு, திடீர் உழைப்பு என்ற மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால், நல்ல குதிரையின் தசையும் பழுதாகும். வஸ்ஸாஃப் எழுதியதைத் திங்கட்கிழமை நோயை வரவழைக்கும் செய்முறை என்றே நான் சொல்வேன்!

தசைக்குள் என்னதான் நடக்கிறது? தானியத்தின் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸ் ஆகிறது. தேவைக்கு மிஞ்சிய குளுக்கோஸைத் தசை கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றிச் சேமிக்கிறது. சேமித்த கிளைக்கோஜன் திடீர் உழைப்பில் லாக்டிக் அமிலமாக மாறித் தசையை அரிக்கிறது என்று 1930-களில் ஸ்வீடன் நாட்டுக் கார்ல்ஸ்ட்ரம் விளக்கம் தந்தார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னாளில் மெதுவாக நடக்கும்போதே தசை இறுகிய குதிரைகளை ஆராய்ந்தபோது, அமிலம் மிகக் குறைவாகவே இருந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி வால்பெர்க் குழுவினர் 2008-இல் வேறொரு விடை கண்டனர். கிளைக்கோஜனைக் கட்டும் நொதிக்குரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சாதாரணக் குதிரையில் தேவைப்படும்போது மட்டும் முடுக்கப்படும் அந்த நொதி, இக்குதிரைகளில் ஓயாமல் வேலை செய்கிறது. வந்த குளுக்கோஸ் எல்லாம் களஞ்சியத்துக்குப் போய்விடுகிறது, அடுப்புக்கு வருவதில்லை. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் உலையில் போட அரிசி இல்லாத வீட்டைப் போன்றது அந்தத் தசை. இங்கே ஓர் இயற்பியல் நுட்பத்தையும் கவனியுங்கள். தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கிய தசை மீண்டும் தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அது கிடைக்காததால்தான் தசை கல்லாக இறுகி நிற்கிறது. பெல்ஜியன், பெர்ச்ரான் முதலிய பாரமிழுக்கும் இனங்களில் இந்த மரபணு மாற்றம் மிகுதி. அரபுக் குதிரைகளில் பொதுவாக இல்லை. ஆகவே பாண்டிய நாட்டுக் குதிரைகளின் துன்பத்துக்கு மரபணுவைக் குறை சொல்ல முடியாது.

மரபணுவை மாற்ற இயலாது. தீவனத்தை மாற்றலாம் அல்லவா? மாவுச்சத்து குறைந்தால் களஞ்சியத்துக்குச் செல்லும் குளுக்கோஸும் குறையும், நொதியை மேலும் தூண்டும் இன்சுலினும் குறையும். உழைப்புக்கான ஆற்றலைக் கொழுப்பிலிருந்து தந்துவிடலாம். கொழுப்பு கிளைக்கோஜனாக மாறுவதில்லை. தசை அதை நேரடியாக எரிக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 450 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 மில்லிலிட்டர் தாவர எண்ணெய் என்பது மருத்துவர்கள் கையாளும் ஓர் அளவு. அதன் எடை ஏறக்குறைய 410 கிராம். கிராமுக்கு 9 கிலோ கலோரி என்றால் சுமார் 3,700 கிலோ கலோரி கிடைக்கும். அதே ஆற்றலை ஓட்ஸிலிருந்து பெற ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வேண்டும். அதோடு அரைக் கிலோவுக்கு மேல் மாவுச்சத்தும் வந்து சேரும். 900 கிலோ எடையுள்ள பாரக்குதிரைக்கோ எண்ணெய் இரு மடங்கு!

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். கொள்ளிலோ எண்ணெய் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் மாவுப்பொருள். இந்த நோயுள்ள குதிரைக்குக் கொள்ளை அள்ளிக் கொடுப்பது தகாது. ஆனால் பழமொழியின் முதல் பாதி அப்படியே பொருந்துகிறது. ஏற்கெனவே பருத்த குதிரைக்கு எண்ணெயையும் சேர்த்து ஊற்றினால் மேலும் பருக்கும். அதற்குத் தானியத்தை நிறுத்தி, புல்லின் அளவையும் குறைப்பதே வழி. இளைத்து உழைக்கும் குதிரைக்குத்தான் எண்ணெய்.

குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. அப்படியிருந்தும் அது எண்ணெயை நன்றாகவே செரித்துவிடுகிறது. கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ஆயினும் முதல் நாளே முழு அளவைக் கொடுக்கக் கூடாது. சில வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். எண்ணெயோடு வைட்டமின் ஈ சத்தும் சேர்ப்பார்கள். அடிப்படைத் தீவனம் எப்போதும் உலர்புல்தான்: உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. முழுப் பயன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும்.

தீவனத்தை மட்டும் மாற்றிவிட்டுக் குதிரையைக் கட்டியே வைத்தால் பயன் இல்லை. அன்றாட நடை, தசையைக் கொழுப்பை எரிக்கப் பழக்குகிறது. நோய் தாக்கிய நேரத்தில் மட்டும் குதிரையை ஓரடிகூட நடத்தக் கூடாது; நின்ற இடத்திலேயே வைத்துக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மெரினா கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் மிகுந்த நாள். வாரம் முழுவதும் கட்டிக்கிடந்து அன்று மட்டும் ஓடும் குதிரை ஒன்று இருந்தால், அதற்குத் திங்கட்கிழமை நோய் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும்.