ஒப்புரவின் எல்லை

கிறிஸ்து சிலுவையில் உயிர் நீத்தது யார்பொருட்டு? மாந்தர் அனைவர்பொருட்டுமா? தெரிந்தெடுக்கப்பட்ட சிலர்பொருட்டா? மேலைநாட்டுப் பேரவைகளில் வாதிக்கப்பட்ட இவ்வினாவுக்கும் வன்னிப் பெருநிலப்பரப்புக்கும் தொடர்பு உண்டென்றால் அன்பர் சிலர் வியப்பர்.

1618, 1619ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்து நாட்டு டோர்ட் நகரிலே கூடிய சீர்திருத்தத் திருச்சபைப் பேரவை, கிறிஸ்துவின் பலி அளவிறந்த மதிப்புடையதே எனினும், தெரிந்தெடுக்கப்பட்டோரை மீட்பதே அதன் நோக்கம் என்று வரையறுத்தது. உரோமத் திருச்சபையோ, கிறிஸ்து எல்லார்க்காகவும் மரித்தார் என்பதைப் பிழையெனக் கொண்ட யான்சனியக் கருத்தை 1653இல் கண்டித்தது. ஐந்தாண்டு கழிந்து, 1658இல், ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடையுண்டது. 1670 அளவில் மாந்தையினின்று ஓடிய குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தைச் சுமந்து மடுக் காட்டினுட் புகுந்தன என்பது மரபு. எல்லையுடைய மீட்பைப் போதித்தோர் துரத்த, எல்லார்க்குமான மீட்பை நம்பினோர் கானகத்தில் ஒளிந்தனர். துரத்தியது வாணிகமும் அரசியலுமே, கோட்பாடன்று என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு.

இவ்வாதத்தை விளக்க வன்னியில் வாழ்வார்க்கு ஓர் உவமை அருகிலேயே கிடக்கிறது. காலபோகத்தில் இரணைமடு நிரம்பி வான்பாய்ந்தால் நீருக்குக் குறையில்லை. சிறுபோகத்திலோ கமக்காரர் கூடி, இத்தனை ஏக்கருக்கே நீர் என்று பங்கு வகுப்பர். டோர்ட் அறிஞரைச் சிறுபோகக் கணக்கர் என்று எள்ளுதல் நீதியன்று. குளத்தில் நீர் குறைவென்று அவர் கூறினாரல்லர். நீர் போதியது, துருசு திறக்கப்பட்டது சில வயல்களுக்கே என்றனர். பலி போதுமானது எல்லார்க்கும், பயன் தருவது தெரிந்தெடுக்கப்பட்டோர்க்கு என்று 12ஆம் நூற்றாண்டிலேயே பீற்றர் லொம்பார்ட் உரைத்துச் சென்றார். ஆயினும், விண்ணிலும் மண்ணிலும் உள்ள யாவும் சிலுவையால் ஒப்புரவாயின என்னும் கொலோசையர் நிருபத்தின் விரிவை நோக்க, துருசுக்கு அத்தகைய பூட்டு இருந்ததென்று எம்மால் நம்ப இயலவில்லை.

‘ஒப்புரவு’ என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். பவுலின் கிரேக்கச் சொல்லுக்கு அடிப்பொருள் மாற்றிக்கொள்ளுதல். நாணயம் மாற்றுவதற்கும் அச்சொல் வழங்கியது. தமிழ் விவிலியம் அதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாக்கிய சொல்லைக் கொண்டது. அவ்வதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமைகளுள் ஒன்று, ஊரார் உண்ணும் நீர் நிறைந்த குளம். அக்குளத்தில் இன்னார்க்கு நீர் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை அன்றோ?

இங்கேதான் கோட்பாடு கசக்கத் தொடங்குகிறது. பலி எல்லார்க்கும் உரியதாயின், என் மகனைக் கொண்டுசென்றவனுக்கும் அது உரியது. 2009 மே 18இல் முல்லைத்தீவு வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தோருடன் பிரான்சிஸ் யோசப் அடிகளார் சென்றார். சென்றவர் மீண்டிலர். அத்தகைய மண்ணில் நின்று ‘எல்லார்க்கும்’ என்று சொல்வது எளிதன்று.

2010இல் அரசு அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலே ‘நல்லிணக்கம்’ என்ற சொல் இடம்பெற்றது. அச்சொல்லையும் ஒப்புரவையும் ஒன்றெனக் கொள்வது பிழை. பவுல் கூறும் ஒப்புரவில் முதலடி எடுத்து வைப்பவர் குற்றம் இழைக்கப்பட்டவராகிய இறைவனே. விலையைக் கொடுப்பவரும் அவரே. ஆனால் குற்றம் மறைக்கப்படுவதில்லை. அது சிலுவையில் ஊரறியத் தொங்குகிறது. வலியவன் மெலியவனை நோக்கி ‘மறந்துவிடு’ என்பது இந்நிரலில் எங்கும் இல்லை. எல்லார்க்கும் என்பது கணக்குக் கேளாமை அன்று. 2015 சனவரி 14இல், அதே மடுத் திருத்தலத்தில் பாப்பரசர் பிரான்சிசு பேசியபோதும், நாம் செய்த தீமையைச் சிலுவையின் ஒளியில் காண்பதையும் மெய்யான மனவருத்தத்தையும் முன்வைத்த பின்னரே மன்னிப்பைச் சொன்னார்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்து போராட்டம் தொடங்கினர். அவர்கள் பழிவாங்கல் கேட்கவில்லை. சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டனர்.