மெழுகுவர்த்தி எரிந்தால் போதுமா? இரத்தினக்கல் குழிகளும் நமது முதலும்

பேருவளை, இரத்தினபுரி என்று நம்மவர்கள் கல் வியாபாரம் செய்யும் ஊர்களில் ஒரு கல்லின் நிறம், கரட், சந்தை விலை எல்லாம் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கல் வெளியே வந்த குழிக்குள் காற்று எப்படி இருந்தது என்று கேட்டால் பெரியவர்களிடமும் பதில் இருக்காது. என்னிடமும் இருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் பெல்மதுளைப் பக்கம் எனது உறவினர் ஒருவர் முதல் போட்டிருந்த குழியைப் பார்க்கப் போனேன். நாற்பது அடி இருக்கும். பாதி ஆழத்தில் பலகைத் தட்டு கட்டி, அதன்மேல் பெற்றோல் பம்பை வைத்து ஓடவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இரண்டு பேர் 'இல்லம' தோண்டிக்கொண்டிருந்தார்கள். கல் கிடைக்கும் சரளை மண்ணுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். நமது காதுக்கு அது வீடு என்று கேட்கும்.

புகை உள்ளேயே நிற்கிறதே என்று கேட்டேன். "மெழுகுவர்த்தி எரியுதுதானே மஹத்தயா" என்றார் மேலே நின்ற மூத்த தொழிலாளி. அன்று பகல் கீழிருந்து ஏறி வந்த ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வெயில் என்றார்கள். அன்று காலையிலிருந்து மழை.

மெழுகுவர்த்திச் சோதனை மூடநம்பிக்கை அல்ல. பழைய குழிகளில் ஒட்சிசன் குறைந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் சுமார் 21 வீதம். அது 16 வீதத்தை நெருங்கும்போது சுடர் அணைந்துவிடும். பம்ப் வருவதற்கு முந்திய காலத்துக்கு அது நல்ல எச்சரிக்கைதான். ஆனால் பம்பின் புகையில் வரும் காபனோரொட்சைட்டை மெழுகுவர்த்தியால் அறிய முடியாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் வெறும் 0.12 வீதம் கலந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. அந்த நேரத்திலும் மெழுகுவர்த்தி அழகாக எரிந்துகொண்டிருக்கும்.

இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுடன் இந்த வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். அதற்குள் கால்கள் சோர்ந்துவிடும். ஏதோ சரியில்லை என்று மூளைக்குப் புரியும் வேளையில் ஏணியில் ஏற உடம்பில் பலம் இருக்காது.

கீழே விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவர் பெரும்பாலும் சகோதரனாகவோ மச்சானாகவோ இருப்பார், ஏனென்றால் குழி வேலைக்குக் குடும்பமாகத்தான் போகிறார்கள். அவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். இப்படிப்பட்ட விபத்துகளில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போவதற்கு இதுவே காரணம். குழியில் இறங்குகிறவர் ஒவ்வொருவரும் இடுப்பு வாரில் கயிறு கட்டியிருந்தால், யாரும் இறங்காமலே மேலிருந்து இழுத்துவிடலாம். கயிறு எல்லாக் குழியிலும் இருக்கிறது. மண் வாளிக்கு.

சரி, பம்பை ஏன் உள்ளே இறக்குகிறார்கள்? அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையான காரணம் பௌதிகம். மேலே வைத்த பம்ப் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும்போது நடைமுறையில் சுமார் 7 மீற்றருக்கு, அதாவது இருபத்து மூன்று அடிக்குக் கீழே அதனால் எட்ட முடியாது. வளிமண்டல அழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். எவ்வளவு விலையுயர்ந்த பம்பாக இருந்தாலும் இதே கதைதான். குழி அதைவிட ஆழமானால் பம்பையும் கீழே கொண்டுபோக வேண்டிவருகிறது. ஆகவே "பம்பை உள்ளே வைக்காதே" என்று கத்திப் பிரயோசனமில்லை, வேறு பம்ப் கொடுக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி நின்று மேலே தள்ளும் மின்சாரப் பம்புக்கு இந்த எல்லை இல்லை, புகையும் இல்லை. ஜெனரேட்டரைக் குழி வாயிலிருந்து தள்ளி, புகை குழிப் பக்கம் அடிக்காதபடி வைக்க வேண்டும். தண்ணீரில் நிற்பவர்களுக்கு மின்சாரமும் எமன் என்பதால் நல்ல ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் அந்தப் பம்பைத் தொடவே கூடாது. இதற்கு மேல், ஒரு விசிறியும் நீண்ட குழாயும் வைத்து நல்ல காற்றை அடிவரை தள்ளலாம். காபனோரொட்சைட்டைக் கண்டால் சத்தமிடும் கையடக்க அளவுகருவியும் இருக்கிறது. நாம் ஒரு கல்லைப் பார்க்க வாங்கும் நல்ல லென்ஸுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை.

மண் சரிவைப் பற்றித் தொழிலாளர்களுக்கு நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. கம்பு கட்டி, இடையில் கெக்கில்ல இலை செருகி மண்ணைத் தடுக்கும் வித்தை அவர்களுடையது. முதலாளி கெடுப்பது இரண்டு இடத்தில்தான்: மரத்துக்குக் காசு குறைப்பது, அடைமழையிலும் வேலையை நிறுத்த விடாதது.

எலிக்காய்ச்சல் சத்தமில்லாமல் வரும். வயல்காரரின் நோய் என்று நினைக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பவர் யாராக இருந்தாலும் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகும். 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய் சந்தேகத்துடன் பதிவானார்கள். இரத்தினபுரி இந்நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்று. பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால், வாரம் ஒருமுறை எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றி ஆலோசனை தருவார்கள். மாத்திரையும் இலவசம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் வைத்தியரிடம் "குழியில் வேலை செய்தேன்" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத குழியில் வேலை செய்தவர் அந்த வசனத்தைத்தான் மறைக்கிறார். சிகிச்சை தாமதித்தால் சிறுநீரகம் போய்விடும்.

பட்டறைகளில் தூசு என்ற தனிக் கதை இருக்கிறது. குவார்ட்ஸ் வகைக் கல்லைத் தண்ணீர் விடாமல் அரைத்தால் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் ஏற்படுத்தும் வடு ஆறாது. தண்ணீர் விட்டு அரையுங்கள், அதுவே முகக்கவசத்தை விடப் பெரிய காவல்.

இனி நமக்குப் பிடிக்காத பேச்சு. குழி வேலை பெரும்பாலும் சம்பளத்துக்கு அல்ல, பங்குக்கு நடக்கிறது. காணிக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு ஒரு பங்கு, முதல் போட்டவருக்கு ஒரு பங்கு, மீதி தொழிலாளருக்கு. பம்புக்குக்கூடப் பங்கு உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நாட்டில் இருக்கிறது. ஆனால் குழியில் ஒருவர் இறந்து குடும்பம் வந்து நின்றால், "அவர் தொழிலாளி இல்லை, பங்காளி" என்ற பதில் தயாராக இருக்கும். கல் கிடைக்காத மாதங்களில் சாப்பாட்டுக்கு மட்டும் வேலை செய்தவரை இலாபம் வந்தால் பங்காளி, ஜனாஸா வந்தால் யாரோ என்று சொல்வது எந்த வகைப் பங்குடைமை? நாம் பிறகு மனமிரங்கிக் கொடுப்பதை ஸதகா என்று எழுதிக்கொள்கிறோம். அது கடனாக இருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது நிபந்தனைகள் விதிக்கிறது, குழியை மூடுவதற்குப் பிணைப்பணமும் வாங்குகிறது. ஆனால் தினமும் ஒவ்வொரு குழி வாயிலும் ஓர் அதிகாரி நிற்கப்போவதில்லை. முதல் போடுபவரின் கையில்தான் வேலையைத் தொடங்கும் அதிகாரம் இருக்கிறது. பம்ப் எங்கே நிற்கும், கயிறு யாருக்கு, விபத்து நடந்தால் யார் என்ன கொடுப்பது என்பதைப் பங்கு பேசும் அன்றே எழுதிக்கொள்ளலாம். ஒரு தாள் போதும்.

எனது உறவினரிடம் இதையெல்லாம் சொன்னேன். மின்சாரப் பம்புக்கு ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். அளவுகருவி என்றதும், அதன் செலவை யாருடைய பங்கில் கழிப்பது என்று கேட்டார். எண்ணெய்ச் செலவு எந்தக் கணக்கில் கழிகிறதோ அதே கணக்கில் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.