உங்களுக்குத் தெரியுமா? 1715-இல் செய்த பீப்பாயில் இன்றும் ஒயின்!

பிரான்ஸின் கிழக்கு எல்லையில், ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் பகுதி வெள்ளை ஒயினுக்குப் பேர்போனது. அங்கே ரிக்விர் என்ற சிற்றூரில் ஹ்யூகெல் குடும்பம் 1639 முதல் ஒயின் தயாரித்து வருகிறது. அவர்களின் நிலவறையில் அவசியம் பார்க்க வேண்டியது ‘சாந்த் கத்ரீன்’ என்ற ஓக் மரப் பீப்பாய். பதினான்காம் லூயி மன்னர் இறந்த 1715-இல் செய்யப்பட்டது. சுமார் 8,800 லிட்டர் பிடிக்கும். இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய ஒயின் பீப்பாய் என்று கின்னஸில் இடம்பெற்றது. 1871 முதல் 1945 வரை அல்சாஸ் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நான்கு முறை கைமாறியது. அத்தனை ஆட்சி மாற்றங்களிலும் ஒரு குடும்பம் தொழிலைக் கைவிடவில்லை என்பதே பெரிய வியப்பு!

மேற்கே வோஜ் மலைத்தொடர் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் இங்கே மழை குறைவு. அதனால் அறுவடைக் காலம் முடிந்த பிறகும் சில திராட்சைக் குலைகளைக் கொடியிலேயே விட்டுவைக்கிறார்கள். பழம் சுருங்கச் சுருங்க இனிப்பு செறிந்துகொண்டே போகும். இந்தத் தாமத அறுவடை ஒயினுக்கு 1984-இல் பிரான்ஸ் தனி விதிகள் வகுத்தபோது அவற்றின் வரைவை எழுதியவர் இந்தக் குடும்பத்தின் ஜான் ஹ்யூகெல்தான்.